காகிதத்தில் காயாத சொட்டு

புனேயில் கட்கி ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்று மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் வனஜாவைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். காலையில் அந்தம்மா ஸ்கூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பழைய பேப்பர் துண்டைத் தரையில் விரிப்பாள். சீட்டைத் திறந்து, டாங்க் மூடியைக் கழற்றி, ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்து, நுனியில் தொங்குகிற பெட்ரோலைப் பேப்பரில் ஒரு சொட்டு விடுவாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்பாள். சொட்டு காய்ந்து, லேசாக ஒரு எண்ணெய் வளையம் மட்டும் மிஞ்சினால் சரி. அதற்கப்புறம்தான் கிக்கரில் கால் வைப்பாள்.

"சிலருக்குப் பல்லி சகுனம், சிலருக்குப் பூனை சகுனம், அக்காவுக்குப் பெட்ரோல் சகுனம்" என்று மேல்மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற தமிழ்ப் பையன்கள் சிரிப்பார்கள். கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை அவர்களுக்கு. பெட்ரோல் போட்டோமா, பட்டனை அமுக்கினோமா, போனோமா என்று இருக்கிறவர்கள்.

சிரிக்கட்டும். அவர்கள் கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் நடந்த கதை இது. கட்டடத்தில் அதை முழுசாகத் தெரிந்தவள் கீழ்வீட்டுத் தர்மாம்பாள் ஒருத்திதான். அவள் சிரிப்பதில்லை.

வனஜா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, பாலச்சந்திரனைக் கட்டிக்கொண்டு புனேக்கு வந்தவள். அவருக்குக் கேம்ப் பகுதியில் ஒரு பாங்க்கில் உத்தியோகம். பாலச்சந்திரனைப் போல ஒரு மனுஷரைப் பார்க்க முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள். குரலை உசத்தியதில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததில்லை. பெண்சாதி வேலைக்குப் போகிறேன் என்றபோது, "போயேன் கண்ணு, வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற" என்றவர். ஸ்கூட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கண்டோன்மென்ட் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், பின்னால் உட்கார்ந்து, கிளட்சை எப்போது விடுவது, கியரை எப்போது திருகுவது என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நாளில் சேலை கட்டிக்கொண்டு கியர் ஸ்கூட்டர் ஓட்டுகிற தமிழ்ப் பெண் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. வனஜா போகும்போது டீக்கடையில் இருக்கிறவர்கள் கிளாஸை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார்கள்.

வேலை கசார்வாடியில். பழைய பம்பாய் ரோட்டோரம் டெங்ளே என்பவர் நடத்துகிற பட்டறை. லாரிகளுக்கான புஷ், பின், வாஷர் எல்லாம் கடைந்து பெரிய ஃபாக்டரிகளுக்கு அனுப்புவார்கள். கடைந்த சாமானை அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிற இன்ஸ்பெக்ஷன் பெஞ்சில் வனஜா. டெங்ளேயிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சாமானிலும் குற்றம் குறையில்லாத ஒன்றைத் தனியாக எடுத்துச் சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பேர். ஏதாவது ஒன்றில் சந்தேகம் வந்தால், "மண்டையைப் போட்டுக் குழப்பிக்காதே, மாஸ்டர் பீஸைப் பக்கத்தில் வைத்துப் பார்" என்பார். வனஜாவுக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. கத்திரிக்காய் வாங்கும்போதுகூட நல்லதாக ஒன்றை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பொறுக்குவாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தீபாவளி கழிந்ததும் டெங்ளே அவளைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்ஷனுக்கு இன்சார்ஜாக இருந்தவர் நின்றுவிட்டார். அந்த நாற்காலியில் உன்னை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. காலை ஏழு மணிச் சங்கு ஊதுகிறபோது சாமான் டெம்போ கிளம்பியாக வேண்டும். இன்சார்ஜ் கையெழுத்து இல்லாமல் டெம்போ நகராது. நேரம் தவறினால் பெரிய ஃபாக்டரி கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "சங்கராந்தி வரைக்கும் பார்க்கிறேன். நேரத்துக்கு வந்தால் அன்றைக்கு எள்ளுருண்டையும் உனக்குத்தான், நாற்காலியும் உனக்குத்தான்" என்றார்.

அந்தப் பட்டறையில் அந்த நாற்காலியில் பெண்பிள்ளை யாரும் உட்கார்ந்ததில்லை. வனஜாவுக்கு அது வேண்டியிருந்தது. ஏன் வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆம்பிளைக்கு ஆசை வந்தால் முன்னேற்றம் என்போம், பொம்பிளைக்கு வந்தால் காரணம் கேட்போம். வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் வந்து சொன்னாள். பாலச்சந்திரன் சந்தோஷப்பட்டார். மகள் தீப்தியைக் கூட்டிக்கொண்டு போய் ஜிலேபி வாங்கி வந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலையை மடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கோயமுத்தூருக்கு மாத்தல் கேட்டுப் பாக்கலாம்னு இருந்தேன். அண்ணனுங்க எல்லாம் ஒரே வரிசையா வீடு கட்டீட்டாங்க. நம்ம எடம் மட்டும் சும்மா கெடக்குது."

"இந்த நாற்காலி கெடைக்கட்டுமுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் வனஜா.

"சரி கண்ணு" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்து, சண்டை போட்டு, சட்டியை உடைத்திருந்தாலாவது தேவலை.

மார்கழி பிறக்கவும் வண்டிக்குச் சீக்கு வந்தது. புனேக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் வாளித் தண்ணீரில் விரல் வைத்தால் தேள் கொட்டியது போல இருக்கும். கிக்கரை உதைத்தால் ஸ்கூட்டர் கிர் கிர் என்று முனகும். பத்து உதைக்கு ஒரு தடவை படபடவென்று பிடிக்கும்; ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இருமிவிட்டு நின்றுவிடும். எப்படியோ கிளம்பினால், தாபோடிப் பாலம் ஏறுகிற வரைக்கும் இழுக்காது. என்ஜின் சூடேறி விட்டால் அப்புறம் ஒரு குறையும் கிடையாது, குதிரை போல ஓடும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பார்த்தால், இந்த வண்டியா காலையில் அந்தப் பாடு படுத்தியது என்று இருக்கும்.

முதல் வாரத்திலேயே சங்கு ஊதின பிறகு போய் நின்றாள். டெம்போக்காரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். டெங்ளே வெளியே வந்து நின்றார். கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

பாலச்சந்திரன் அதிலிருந்து அவளுக்கு முன்னால் எழுந்துகொள்ள ஆரம்பித்தார். தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, "சோக்கை இழு கண்ணு, நான் சாச்சுப் புடிக்கறேன்" என்று வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கட்டும் என்று பிடித்து நிற்பார். அப்புறம் நிமிர்த்தி உதைப்பார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். பிளக்கைக் கழற்றி மேலே கொண்டுவந்து, இடுக்கியில் பிடித்துக் கேஸ் அடுப்பில் காட்டுவார். காப்பி வைக்க வேண்டிய அடுப்பில் பிளக் வேகும். ராத்திரி என்ஜினுக்குக் கோணிப்பை போர்த்தி விடுவதும் அவர்தான். வண்டி ஒரு வழியாகக் கிளம்பினால், கேட் வரைக்கும் கூடவே ஓடிவந்து, "பாத்துப் போ" என்பார்.

கட்டடமே பார்த்தது. பார்த்து வியந்தது. "பொண்டாட்டி வண்டிய உதைக்கிற புருஷனை எந்த ஊர்ல பாத்திருக்கீங்க?" என்று மூன்றாம் மாடி வரைக்கும் பேச்சு. வனஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். நம்மால் இந்த மனுஷருக்கும் தூக்கம் கெடுகிறதே என்று நினைத்துக்கொள்வாள். ஒரு நாள் சொல்லவும் சொன்னாள்.

"போச்சாது விடு. பழைய வண்டி, குளிருக்கு அப்படித்தான் பண்ணும். உன்னால முடியலைன்னா விட்டுருவோம், ஒண்ணும் குடி முழுகிப் போகாது" என்றார் அவர்.

விடுவதாவது. கசார்வாடியிலேயே முகமது ரஃபீக் என்று ஒரு மெக்கானிக். நல்ல கைக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வண்டியைக் கொண்டுபோனால் ஒரே உதையில் கிளம்பும். "பெஹன்ஜி, இது வெண்ணெய் மாதிரி ஓடுதே, என்ன சீக்கு இதுக்கு?" என்பான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக் மாற்றினான். பாயின்ட் தேய்த்தான். காலையில் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில், "ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க" என்றான். டாங்க்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி வைத்தான். மறுநாள் விடிகாலையில் பஸ் பிடித்து வந்து நின்றாள் வனஜா. பனி கொட்டுகிறது. ரஃபீக் வாயில் பல்குச்சியோடு வந்து ஒரு உதை உதைத்தான். வண்டி பாட்டுப் பாடிற்று.

"வண்டியில ஒண்ணுமில்ல பெஹன்ஜி. உங்க கால்லதான் பலமில்ல" என்றான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லாததுதான் பாக்கி. வனஜா பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் நாள் காலை சரியாகக் கிளம்பியது. மறுநாள் திரும்பவும் முனகல், திரும்பவும் மப்ளர், திரும்பவும் வேர்வை.

அன்றைக்கும் சங்கு ஊதின பிறகுதான் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு புஷ்ஷை அளக்கும்போது கை தானாகச் சிவப்புத் துணிப் பக்கம் போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டியில் பிளக்கையும் பாயின்ட்டையும் காலையும் சந்தேகப்பட்டாயிற்று. ஆனால் எதையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கவே இல்லையே. ரஃபீக் கொட்டகையிலும் அதே குளிர், அதே வண்டி. அங்கே வேறாக இருந்தது பெட்ரோல் ஒன்றுதான்.

பம்புக்காரன் கலப்படம் செய்கிறான் என்று முதலில் அவன் மேல்தான் பாய்ந்தாள். அவன் கையை விரித்துச் சத்தியம் பண்ணினான். சரி, சண்டை வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று, அன்று சாயங்காலம் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதே அதே குழாயிலிருந்து ஒரு இருமல் மருந்துப் பாட்டிலிலும் கொஞ்சம் வாங்கி மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதுதான் அவளுடைய மாஸ்டர் பீஸ். ஸ்கூட்டருக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல்தானே, முகர்ந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் காகிதத்தில் பார்ப்பது என்று முடிவு பண்ணினாள்.

காலையில், அவர் மப்ளரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கிவிட்டாள். படிக்கட்டுக்கு அடியில் பேப்பரை விரித்தாள். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு, டாங்க்கிலிருந்து ஒரு சொட்டு. பாட்டில் சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிக் காய்ந்து மெல்லிய வளையமாக நின்றது. டாங்க் சொட்டு அகலமாகப் பரவி, ஈரமாக, மினுமினுவென்று அப்படியே கிடந்தது. காயவே இல்லை. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

பம்பு யோக்கியன். சாயங்காலம் நல்லதாக உள்ளே போனது காலையில் கெட்டுப் போயிருக்கிறது. சீட்டுக்குப் பூட்டு இருக்கிறது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று அவள் பையில். இன்னொன்று அவருடைய சாவிக்கொத்தில். இருக்காது, இருக்கவே இருக்காது என்று தன்னையே வைதாள். அந்த நேரம் பார்த்து அவர் இறங்கி வந்து, "என்ன கண்ணு, அதுக்குள்ள வந்துட்ட?" என்றார். பேப்பரைச் சுருட்டிக் கைப்பையில் திணித்தாள். அவர் வழக்கம் போல வண்டியைச் சாய்த்தார், உதைத்தார், வேர்த்தார். வனஜா அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் தர்மாம்பாள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புனேக்கு வந்து முப்பது வருஷமான குடும்பம். பேச்சில் பாதி மராட்டி. "ஏண்டிம்மா வனஜா, உங்க வீட்டுல கேஸ் தீந்துபோச்சா? பாலச்சந்திரன் தம்பி வந்து வந்து ராக்கேல் கேட்டு வாங்கிண்டு போறதே. கொசுவுக்கு அடிக்கணும்கறது. இந்தத் தண்டியில ஏது கொசு?" என்றாள்.

ராக்கேல் என்றால் அங்கே மண்ணெண்ணெய், தண்டி என்றால் குளிர். வனஜா வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பே கிடையாது. அவள் தர்மாம்பாளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்று பி.எஸ்சி.க்காரிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சூட்டில் எரியும். குளிரில் பிடிக்காது.

அன்றைக்குப் போகி. மறுநாள் பொங்கல், டெங்ளேக்குச் சங்கராந்தி.

பாலச்சந்திரன் பாங்க்கிலிருந்து வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்தாள். தீப்தியைத் தர்மாம்பாள் வீட்டுக்கு அனுப்பினாள். சாப்பாட்டு மேஜை மேல் பேப்பரை விரித்து, இரண்டு சொட்டு விட்டாள்.

"ஏனுங்க, உக்காருங்க. இதுல எது காயுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். பார்த்தார். ஒன்று காய்ந்தது. ஒன்று காயவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. பரீட்சையில் பிடிபட்ட பிள்ளை போல ஒரு அசடு வழிந்தது.

"கோயமுத்தூர் ஆர்டர் வந்துருச்சு. கார்த்திகையிலயே வந்துருச்சு" என்றார். "உன்கிட்டச் சொன்னா வரமாட்டே. சண்டை வரும். எனக்குச் சண்டை ஆகாதுன்னு உனக்கே தெரியும். உனக்கா இந்த வேலை ஒத்துவரலைன்னு தோணிருச்சுன்னா, மனசு நோகாம கெளம்பீரலாம்னு நெனச்சேன்."

"யாரு மனசு நோகாம?"

அவர் காகிதத்தின் ஓரத்தை மடித்தார்.

"சரி, ஊத்துனீங்க. காலைல எறங்கி வந்து வேர்க்க வேர்க்க உதைச்சீங்களே, அது எதுக்குங்க?"

அவர் நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ தனியாக் கெடந்து கஷ்டப்படறதப் பாக்க முடியலை கண்ணு."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கிள்ளினவனே தாலாட்டும் பாடி, பாடும்போது தன் கண்ணையும் துடைத்துக்கொண்டால் அவனை என்ன செய்வது? பொய்யாகச் சொல்லியிருந்தால் வனஜா கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பாள். அவர் நிஜமாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை நாள் கேட்டில் திரும்பிப் பார்த்து நன்றியோடு சிரித்த தன் மூஞ்சியை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"சாவியக் குடுங்க" என்றாள். கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்குது. நாளைக்கு நேரத்துக்குப் போறேன். நடந்ததை டெங்ளேகிட்டச் சொல்லி நாற்காலியக் கேக்கப் போறேன்."

அவர் வாயைத் திறந்தார். எதையோ சொல்லப் போகிறவர் போல இருந்தது. அப்புறம் மூடிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் போய் டாங்க்கில் இருந்ததையெல்லாம் குழாய் விட்டு இறக்கிக் கட்டடத்துக்குப் பின்னால் கொட்டினாள். கேன் எடுத்துக்கொண்டு நடந்தே பம்புக்குப் போய்ப் புதுப் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினாள். காலையில் பொங்கல் பானை ஏறவில்லை. நல்ல பனி, எதிர்க் கட்டடம் தெரியவில்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டாள். காய்ந்தது. ஒரே உதை. ரஃபீக் சொன்ன அதே காலால் ஒரே உதை. ஸ்கூட்டர் நின்ற இடத்தில் நின்று சீராக ஓடியது. மேலே பால்கனியில் மப்ளர் தெரிந்தது. அவள் தலை நிமிரவில்லை.

சங்குக்கு வெகு முன்னாலேயே பட்டறைக்குப் போய், சாமானை அளந்து, கையெழுத்துப் போட்டு, டெம்போவை அனுப்பிவிட்டு டெங்ளே அறைக்குப் போனாள். அவர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, எள்ளுருண்டைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "தில்குள் எடுத்துக்கோ, இனிப்பாகப் பேசு" என்று அந்த ஊர் வழக்கப்படி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இன்சார்ஜ் வேலையை ஷிர்கே பார்த்துக்கொள்வார், வனஜாபாய். உனக்கு இனிமேல் அந்தப் பாரம் வேண்டாம்" என்றார்.

"சார், வண்டி கெட்டுப் போனதுக்குக் காரணம் என்னன்னா..."

டெங்ளே கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை, அன்பாகத்தான். "எனக்குத் தெரியும். உன் மிஸ்டர் வந்திருந்தார், போன வாரம். தங்கமான மனுஷர். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை, முட்டி வலி, வெளியே சொல்ல வெட்கப்படுகிறாய், அதனால்தான் வண்டி மேல் பழி போடுகிறாய் என்று சொன்னார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறதாம். நானும் ரஃபீக்கைக் கேட்டேன், அவனும் அதையேதான் சொன்னான். நீயாகக் கேட்க மாட்டாய், நானாக இறக்கி விட வேண்டும் என்று உன் மிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். இப்போது பார், இன்றைக்கு எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாய். வண்டி நன்றாகத்தானே இருக்கிறது?"

வண்டி நன்றாகத்தான் இருந்தது. வாசலில் நின்றது; என்ஜின் சூடுகூட ஆறியிருக்காது. ஒரே உதையில் கிளம்பி வந்து அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

இருந்தும் சொல்லிப் பார்த்தாள். தெரிந்த மராட்டியில், தட்டுத் தடுமாறி, டாங்க்கில் மண்ணெண்ணெய் ஊற்றியது என் வீட்டுக்காரர்தான் என்று சொன்னாள். டெங்ளே அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் ஆச்சரியம் இருந்தது, பிறகு பரிதாபம், கடைசியில் கொஞ்சம் முகச்சுளிப்பு. "தினமும் உன் வண்டியை உதைத்துக் கிளப்பி விடுகிற மனுஷரைப் பற்றி இப்படிச் சொல்லாதே, வனஜாபாய். நல்ல நாள்" என்றார்.

அந்தச் செய்தியும் அவருக்குப் போயிருக்கிறது. உதைத்த கதையையும் சேர்த்துத்தான் பாலச்சந்திரன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வனஜா பெஞ்சுக்குத் திரும்பினாள். கையில் எள்ளுருண்டை வெல்லம் உருகிப் பிசுபிசுத்தது. அதை வைக்க இடம் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாள். மைக்ரோமீட்டரை எடுத்தாள். அன்றைக்கு வந்த சாமான் முழுவதையும் அளந்து முடித்தாள். ஒன்றுகூடத் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஷிர்கேயே பின்னால் சொன்னார்.

கோயமுத்தூருக்கு அவள் போகவில்லை. அவர் போனார். ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டவர் போய்த்தானே ஆக வேண்டும். விவாகரத்து, வக்கீல் என்றெல்லாம் யாரும் கிளம்பவில்லை. அதெல்லாம் வாய் விட்டுச் சண்டை போடுகிற குடும்பத்தில் நடக்கிற காரியம். தீப்தி பள்ளிக்கூடத்துக்காக வனஜாவோடு இருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். தீபாவளிக்கும் கோடை லீவுக்கும் அவர் வந்து போனார். அண்ணன்மார் வரிசையில் வீட்டையும் கட்டினார். அதில் வாடகைக்கு ஆள் வைத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர், இவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறோம் பாருங்கள். நாக்குப் பழக்கம். வனஜாவுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. வந்த நாளில் தட்டுப் போட்டு, "சாப்பிட வாங்க" என்பாள். குறை வைக்கமாட்டாள். அவரிடம் எதையும் நம்பிக் கொடுக்கவும் மாட்டாள். பால்காரனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றுகூடச் சொல்லமாட்டாள்.

ஷிர்கே ரிடையராகிப் போன பிறகு அந்த நாற்காலி ஒரு வழியாக அவளுக்கு வந்தது. அதற்குள் டெங்ளேயும் இல்லை. அவர் மகன்தான் கொடுத்தான். வனஜாவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் தர்மாம்பாளிடம் மட்டும் சொன்னாள்.

பாங்க்குகளில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது பாலச்சந்திரன் வாங்கிக்கொண்டு புனேக்கே திரும்பி வந்துவிட்டார். தலை வழுக்கை, கொஞ்சம் சர்க்கரை, அதே மென்மையான குரல். கட்டடத்தில் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துப்போனது. வனஜாவுக்கு செல்ஃப் ஸ்டார்ட் வண்டி வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். பழைய ஸ்கூட்டர், பழைய கிக்கர். சீட்டுக்கு மட்டும் புதுப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

இப்போது தர்மாம்பாளுக்கு மட்டும் தெரிந்த அந்த விஷயத்துக்கு வருவோம். அவர் கோயமுத்தூரில் இருந்த வருஷங்களில் வனஜா காகிதம் விரித்ததே கிடையாது. மார்கழிக் குளிரில்கூடப் படியிறங்கி வந்து, ஒரு உதை, போய்க்கொண்டே இருப்பாள். அவர் லீவில் வந்திருக்கிற நாட்களில் மட்டும் காலையில் பேப்பர் விரியும். அவர் நிரந்தரமாக வந்து சேர்ந்த பிறகுதான் இது தினசரி ஆயிற்று. சகுனம் என்று சிரிக்கிற பையன்கள் இதை எங்கே கண்டார்கள்?

போன மார்கழியில் ஒரு காலை. பனி. மப்ளரைச் சுற்றிக்கொண்டு பாலச்சந்திரன் மெல்லப் படியிறங்கி வந்தார். முட்டி வலி இப்போது அவருக்கு. வனஜா குனிந்து பேப்பரில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். தர்மாம்பாள் தன் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள்.

"நான் உதைக்கட்டுமா கண்ணு?" என்றார்.

அவள் குச்சியை உதறி வைத்தாள். சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். மேஜை மேல் பார்த்தது போலவே பார்த்தார்.

"புதுப் பூட்டுப் போட்டாச்சு. சாவி உன்கிட்டத்தான் இருக்குது. தர்மாம்பா மாமி வீட்டுலயும் இப்பக் கேஸுதான். இன்னும் எதுக்கு வனஜா இது?" கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. அதுவும் நிஜம்தான்.

சொட்டு காய்ந்தது. வனஜா பேப்பரை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நான் வண்டியப் பாக்கறதில்லீங்க" என்றாள். ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போனாள்.